ஆபரேஷனுக்கு முன்னால் கெண்டைக்காலைப் பாருங்கள்

வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் பற்றி, குறிப்பாக நோயாளியின் 'உடம்பு வத்திப் போவது' பற்றி, களியக்காவிளை தொடங்கி கொழிஞ்சாம்பாறை வரை எல்லைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, புற்றுநோய் அறுவை மருத்துவமும் உணவியலும் அறிந்தவர்கள் தரும் பதில்கள் இவை.

என் அப்பாவுக்கு 61 வயது. இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று. திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு 60 கிலோ இருந்தார், இப்போது 54. கழுத்து ஸ்கேனைப் பார்த்த டாக்டர், 'புண்ணைவிட இந்தச் சதை குறைஞ்சதுதான் கவலையா இருக்கு' என்றார். வாயில் செய்யும் ஆபரேஷனுக்கு உடம்புச் சதை எதற்கு?
– வாசகி, களியக்காவிளை

உங்கள் டாக்டர் சரியான இடத்தில் கவலைப்பட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் 6 கிலோ என்பது பத்தில் ஒரு பங்கு. இந்த அளவு இறங்கியவரை 'சத்துக் குறைவால் ஆபத்து அதிகமுள்ளவர்' என்ற வரிசையில்தான் மருத்துவம் வைக்கிறது.

தசை வெறும் பலத்துக்காக மட்டும் இருப்பதில்லை. அதுதான் உடம்பின் புரதக் கையிருப்பு. பெரிய ஆபரேஷன் முடிந்ததும் காயத்தை மூட, கிருமியை எதிர்க்க, புதுத் தோலும் தழும்பும் உண்டாக்க அமினோ அமிலங்கள், அதாவது புரதம் உடைந்து வரும் துண்டுகள், தேவைப்படும். அந்த நாட்களில் வாய் வழியாக ஒரு கவளமும் போகாது. அப்போது உடம்பு தொடையிலும் முதுகிலும் இருக்கும் தசையைக் கரைத்துத்தான் அந்தச் செலவைச் செய்கிறது. கையிருப்பு ஏற்கெனவே காலியாக இருந்தால் காயம் ஆறுவது தடைபடும். புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை. அது கிளப்பிவிடும் அழற்சி, பசியை அடக்கிக்கொண்டே தசையையும் அரிக்கிறது. அதனால்தான் சாப்பாடு குறைந்த அளவுக்கு மேலேயே இவர்களுக்குச் சதை குறைகிறது.

வாயில் ஒரு தனித் தொல்லையும் உண்டு. கன்னத்தையோ தாடையையோ எடுத்த பிறகு அந்தப் பள்ளத்தை மார்புத் தசை, முன்கைத் தோல், தொடைத் தோல் அல்லது கீழ்க்கால் எலும்பு என்று வேறிடத்திலிருந்து எடுத்துத்தான் மூடுகிறார்கள். அந்தத் தையலின் உள்பக்கம் ராப்பகலாக எச்சிலில் நனைந்தபடி இருக்கும். ஆறும் வேகம் குறைந்தால் தையல் ஓரத்தில் எச்சில் கசிந்து, கழுத்துத் தோலைத் துளைத்து வெளியே வரும். ஃபிஸ்டுலா என்பார்கள். சளியைக் காறித் துப்பவும் தசைதான் வேண்டும். வயிற்றுத் தசையும் விலா இடைத் தசையும் மெலிந்தவருக்கு இருமல் எடுபடாது. எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். தலை, கழுத்துப் புற்றுநோயில் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பாய்வுகள் சொல்வதும் இதுதான்: தசை குறைந்தவர்களுக்குக் காயச் சிக்கல் அதிகம், பிழைத்திருக்கும் காலமும் குறைவு.

இதில் குடும்பத்தார் கவனிக்காமல் விடுகிற ஒரு கணக்கு உண்டு. பலருக்கு ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படும். அதை ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். கழுத்தில் எச்சில் கசியும் துளையோடு கதிர்வீச்சைத் தொடங்க முடியாது. காயம் ஆற ஒரு மாதம் கூடுதலாக எடுத்தால் அந்த 6 வாரம் கைநழுவும், நோய் திரும்பி வர இடம் கிடைக்கும். கூடவே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுக்க வேண்டியிருந்தாலும் தசை குறைந்தவர் அதைத் தாங்குவது குறைவு. மருந்தின் அளவை உயரம், எடை பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள், மருந்து பரவ வேண்டிய சதையோ உள்ளே குறைந்திருக்கிறது.

டாக்டர் ஸ்கேனில் எதைப் பார்த்தார் என்றும் சொல்லிவிடுகிறோம். தசை அளவை வழக்கமாக இடுப்புப் பக்க முதுகெலும்பில் மூன்றாவது எலும்பு மட்டத்தில் வயிற்று ஸ்கேனில் அளப்பார்கள். வாய்ப் புற்றுநோய்க்கு எடுப்பது கழுத்து ஸ்கேன். மூன்றாவது கழுத்தெலும்பு மட்டத்தில் ஒரு துண்டுப் படத்தை நிறுத்தி, காதின் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசை, கழுத்தெலும்பை ஒட்டிய தசைகள் இவற்றின் பரப்பை அளந்து, அதிலிருந்து உடம்பு முழுவதன் தசையைக் கணிக்கும் முறையை 2016-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புதுச் செலவில்லை, ஏற்கெனவே எடுத்த படமே போதும். ஒரு பக்கத்துத் தசையில் புற்றுக்கட்டி பரவியிருந்தால் மறுபக்கத்தை அளந்து இரட்டிப்பாக்கிக்கொள்வார்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். அவருடைய இரண்டு கைகளின் கட்டைவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தில் போடச் சொல்லுங்கள். விரல்கள் சதையைத் தொடாமல் இடைவெளி விட்டால் சதை குறைந்திருக்கிறது. டெய்லர் டேப் இருந்தால் அதே இடத்தில் அளக்கலாம். ஆசிய நாடுகளின் 2019 அளவுகோல்படி ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். அடுத்தது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் பலமும் குறைந்துவிட்டது என்று பொருள். மருத்துவமனையில் கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொல்வார்கள். அதில் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ எல்லைக்கோடு. கால் வீங்கியிருந்தால் டேப் அளவு ஏமாற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் எஸ்டேட் வேலைக்காரர். முப்பது வருஷமா வெத்தலை, பாக்கு, புகையிலை. இப்போ வாய் ஒரு விரல் அளவுதான் திறக்குது. காரம் பட்டா எரியுது. கஞ்சித் தண்ணியும், மசிச்ச மரச்சீனிக் கிழங்கும், டீயும்தான் இறங்குது. எடை 54 கிலோ. என்ன கொடுக்கலாம்?
– வாசகி, வண்டிப்பெரியார்

அம்மா, உங்கள் கடிதத்தில் இருக்கும் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தோம். கஞ்சி இரண்டு டம்ளர், கிழங்கு ஒரு கிண்ணம், பால் டீ இரண்டு என்று வைத்தால் நாளைக்கு 15 கிராம் புரதம் தேறுவதே கஷ்டம். அவருக்கு வேண்டியது எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது 65 முதல் 80 கிராம். கலோரி கிலோவுக்கு 30 என்றால் 1,600 சொச்சம். மரச்சீனி வயிற்றை நிறைக்கும், ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவுதான். பசி அடங்கிவிடுவதால் 'சாப்பிட்டுவிட்டார்' என்று வீடு நிம்மதி அடைகிறது. நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

ஒரு நாளைக்கு இப்படி முயன்று பாருங்கள். பசும்பால் 750 மி.லி. (24 கிராம் புரதம்). கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 50 கிராம், அதே பாலில் கரைத்தது (18 கிராம்). முட்டை மூன்று, நன்றாக வேகவைத்துப் பாலோடு மிக்ஸியில் அடித்தது (18 கிராம்). சாளை மீன் சதை 50 கிராம், மிளகாயும் புளியும் இல்லாமல் மஞ்சள், உப்போடு அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, கஞ்சியில் அரைத்தது (10 கிராம்). சிறுபயறு 30 கிராம், வறுத்துத் தோல் நீக்கி வேகவைத்து மசித்தது (7 கிராம்). இதிலேயே 77 கிராம் ஆயிற்று. அரிசி 60 கிராம், மசித்த ஏத்தம்பழம் ஒன்று, தேங்காயெண்ணெய் நாலு டீஸ்பூன் சேர்த்தால் கலோரியும் 1,600 பக்கம் வந்துவிடும். எண்ணெயை ஒரே வேளையில் ஊற்றினால் வயிறு போகும், வேளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். மீன் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு முட்டை அல்லது பொட்டுக்கடலை மாவு 30 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தப் புரத அளவை டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்க முடியவில்லை என்று எல்லோரும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற அதே டம்ளரில் சத்து பாதியாகிறது. அதற்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று உண்டு. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக மட்டும் சூடுகாட்டி அரைத்து வையுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு டீஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கிளறுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஞ்சி இளகி, கரண்டியிலிருந்து நூலாக வழியும். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் இளக்கம் அது, சத்து குறைவதில்லை. பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கொதிக்கிற கஞ்சியிலேயே மாவைப் போட்டால் நொதி வெந்து செத்துவிடும், கஞ்சி இளகாது. முளைமாவைக் கருக வறுத்தாலும் அதே கதைதான்.

ஒரு விரல் அளவு வாயில் ஸ்பூன் நுழையாது. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சால், புண் இல்லாத பக்கத்துக் கடைவாய் ஓரமாக, உட்கார்ந்த நிலையில், கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுத்தபடி கூடாது. ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 150 மி.லி. போதும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் நாளே 1,600 கலோரி ஏற்றக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் சரசரவென இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். இவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, முதலில் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கிச் சில நாட்களில் ஏற்றுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் கஞ்சியாவது குடிக்கிறார், ஆனாலும் அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள். ஒரு வாரம் முயன்றும் வேண்டியதில் பாதிதான் இறங்குகிறது என்றால், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மூக்குக் குழாய் போடச் சம்மதியுங்கள். குழாய் என்றதும் 'கடைசிக் கட்டம்' என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் போடும் குழாய், உடம்பைத் தயார்படுத்தப் போடுவது.

பாக்கை இன்றே நிறுத்த வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறக்காமல் இறுகிப் போனதற்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட வைத்து உடம்பைத் தேற்றிவிட்டு அண்ணாச்சிக்கு ஆபரேஷன் வைத்துக்கொண்டால் என்ன?
– வாசகர், செங்கோட்டை

வேண்டாம். இரண்டு மாதத்தில் கட்டி வளரும், கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவும், இன்று எடுக்க முடிந்தது அன்று எடுக்க முடியாமல் போகலாம். மிக மோசமாக மெலிந்தவர்களுக்கு 7 முதல் 14 நாள் தீவிரமாகச் சத்து ஏற்றிவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல், அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு மருத்துவமனை தரும் தேதிக்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் எப்படியும் இருக்கிறது. ஸ்கேனுக்கும் மயக்க மருந்து டாக்டரின் சம்மதத்துக்கும் அலையும் அந்த நாட்கள்தான் வீணாகின்றன. நோய் உறுதியான அன்றே சாப்பாட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

அந்த நாட்களில் உடற்பயிற்சியும் வேண்டும். புரதம் மட்டும் போனால் தசை ஏறாது, தசைக்கு வேலை கொடுத்தால்தான் ஏறும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முதல் 10 தடவை, காலை, மதியம், மாலை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. நடை, ஒரே மூச்சில் முடியாவிட்டால் 10 நிமிடமாக மூன்று தடவை. முடித்த அரை மணிக்குள் ஒரு டம்ளர் பால்பவுடர் கலந்த பால். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப் பழகட்டும். ஆபரேஷன் முடிந்து வலியில் கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம். பல்லையும் சுத்தம் செய்து, சொத்தைப் பல்லுக்கு என்ன வழி என்று பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், வாயில் கிருமி குறைந்தால் தையலுக்கு நல்லது.

என் கணவர் 82 கிலோ. நாக்கில் புற்று. குண்டாக இருப்பவருக்கு இந்தச் சதைக் குறைவு கவலை இல்லைதானே?
– வாசகி, மார்த்தாண்டம்

இருக்கிறது. கொழுப்பு அப்படியே இருக்க, அடியில் தசை மட்டும் கரைவது உண்டு. தராசு அதைக் காட்டாது, வீட்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால் இவர்கள்தான் கவனிப்பில்லாமல் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார்கள். ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையைச் செய்து பாருங்கள். மோதிரம் நழுவுகிறதா, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்கிறாரா என்றும் பாருங்கள். 'எடை குறைந்தால் நல்லதுதானே' என்று இப்போது சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.

மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்து மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்தான் ஊற்றுகிறேன். குழாய் அடைத்துக்கொள்கிறது, சில சமயம் இருமுகிறார். எப்படிச் செய்வது? எடை 47 கிலோ.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

முதலில் இருமல். ஊற்றும்போது இருமினால் அந்த நொடியே நிறுத்துங்கள். குழாய் இழுபட்டு மேலே வந்திருக்கலாம். மூக்குத்துளை ஓரத்தில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். கோடு நகர்ந்திருந்தால் ஊற்றாதீர்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களோ பக்கத்து நர்ஸோ திருப்பிச் சொருக வேண்டாம், தொண்டைக்குள் புதுத் தையல் இருக்கிறது. மருத்துவமனைக்கே போங்கள்.

ஊற்றும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். முடித்து ஒரு மணி நேரம் அப்படியே. 50 மி.லி. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டுக் குழாயில் மாட்டி, உயரப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். தண்டால் அழுத்தினால் வயிறு உப்பும், வாந்தி வரும், அந்த வாந்திதான் நுரையீரலுக்குப் போகும். 200 மி.லி. இறங்க 15, 20 நிமிடம் ஆகட்டும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. வடிகட்டாத கேழ்வரகுத் தோல் ஒன்று, சரியாகப் பொடியாக்காத மாத்திரை இன்னொன்று. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒவ்வொரு மாத்திரையையும் தனியாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, பாலோடு கலக்காமல் கொடுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, மெதுவாகக் கரையும் வகை இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் குழாய் பல நாள் வரும்.

ஒரு வேளைக்கான கலவை: பால் 150 மி.லி., கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 15 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், 200 மி.லி. வரத் தண்ணீர். இதில் 10 கிராம் புரதமும் 230 கலோரி அளவும் இருக்கும். ஒரு நாளைக்கு ஏழு தடவை கொடுத்தால் 70 கிராம், 1,600 கலோரி, 47 கிலோ உள்ளவருக்குத் தாராளம். நீரிழிவு இருந்தால் சர்க்கரைக்குப் பதில் இன்னொரு டீஸ்பூன் எண்ணெய். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போனால் இரண்டு மூன்று வேளையை வடிகட்டிய பயற்றுக் கஞ்சியாகவும், வேகவைத்து அடித்த முட்டையாகவும் மாற்றுங்கள். பச்சை முட்டை ஒருபோதும் கூடாது. கலந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். இவை தவிரத் தண்ணீர் எவ்வளவு என்பதை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதித் தந்திருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கழுத்துத் தையலில் திடீரென்று ஈரம், எச்சில் வாடை, சிவப்பு, காய்ச்சல் தெரிந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். வாய்க்குள் வைத்துத் தைத்த தோல் கருத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அன்றே போக வேண்டும்.

ரத்தத்தில் ஆல்புமின் குறைவு என்று ஊரில் 'சத்து டிரிப்' ஏற்றச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
– வாசகர், கம்பம்

ஒரு பாட்டில் 5% குளுக்கோஸில் 500 மி.லி.க்கு 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிதான். புரதம் கிடையாது. அந்தக் காசுக்கு முட்டையும் பால்பவுடரும் வாங்குவது நல்லது. ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், அது அழற்சியாலும் இறங்கும். அதை மட்டும் வைத்து உடம்பில் சதை இவ்வளவு என்று சொல்ல முடியாது, ஆல்புமின் பாட்டில் ஏற்றினால் தசை வளர்வதும் இல்லை.

ஆபரேஷனாகி மூன்று வாரம். தம்பிக்கு இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. உடம்பு தேறட்டும் என்று படுக்கையிலேயே வைத்திருக்கிறோம். சரிதானா?
– வாசகர், தென்காசி

படுக்கையை விட்டு எழுப்புங்கள். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில் கால்களிலிருந்தே ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆபரேஷனான உடம்பில் அது இன்னும் வேகமாகப் போகும். இந்த ஆபரேஷனுக்குப் பின் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்பதே இன்றைய வழிகாட்டுதல். கீழ்க்கால் எலும்பை எடுத்தவர்களுக்கு மட்டும் எப்போது காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

தோளுக்குக் காரணம் வேறு. கழுத்து நெறிகளை எடுக்கும்போது தோள்பட்டைத் தசைக்குப் போகும் நரம்பு அதே பாதையில் ஓடுகிறது. அது இழுபட்டாலே மாதக்கணக்கில் வேலை செய்யாமல் இருக்கும். அதற்குள் மூட்டு இறுகிவிட்டால், நரம்பு திரும்பினாலும் கை திரும்பாது. தையல் ஆறியிருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, வலி தொடங்கும் இடம் வரை தலைப்பக்கம் தூக்கி மெதுவாக இறக்கட்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. சுவரோரம் நின்று விரல்களால் சுவரில் நடந்து ஏறுவது அடுத்தது. ஒவ்வொரு வாரமும் விரல் எட்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். கனமான பையை அந்தத் தோளில் மாட்ட வேண்டாம். உட்காரும்போது கை தொங்காமல் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை இருக்கட்டும். பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள், கதிர்வீச்சு தொடங்கினால் அந்த நாட்களிலும் இந்தப் பயிற்சியை நிறுத்தக் கூடாது.